வால்தாள் இலக்கணம்

காப்புரிமையைப் பற்றி எழுதியவர்கள் கண்டுபிடிப்பைப் பாடியிருக்கிறார்கள், கண்டுபிடித்தவரையும் பாடியிருக்கிறார்கள். விண்ணப்பம் போட்ட பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேரவேண்டிய தாள்களைத்தான் பாடுவாரில்லை. அக்குறையைப் போக்க எழுந்ததே இச்சிற்றாய்வு. அத்தாள்களை இனி ‘வால்தாள்’ என்று வழங்குவோம். நம் கருதுகோள் எளியது: விண்ணப்பம் என்பது வால்தாள்கள் வருவதற்கான ஒரு முகாந்திரம்.

தொன்மைக்குச் சான்று உண்டு. ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்ற சிவில் எஞ்சினியர் இந்தியாவின் முதல் காப்புரிமைக்காகக் கல்கத்தாவில் மனுப் போட்ட நாள் 1856 மார்ச் 3. பொருள், பங்கா இழுக்கும் இயந்திரம். அதன் விவரக்குறிப்பும் வரைபடங்களும் போய்ச் சேர்ந்ததோ செப்டம்பர் 2. விசிறி தேவைப்பட்ட கோடை முழுவதும் விசிறியின் தாள்கள் வரவில்லை என்பது ஆய்வாளர் கவனத்துக்குரியது.

இனி வகைப்பாடு. வால்தாள் அகம், புறம் என இருவகைப்படும். வெளிநாடுகளில் போட்ட விண்ணப்பங்களைச் சொல்லும் படிவம் 3 புறம். அகத்தில் தலையாயது, ஏஜென்ட்டுக்கு அதிகாரம் தரும் படிவம் 26. இது தூதின்பாற்படும். மேகத்தையும் கிளியையும் தூதுவிட்ட புலவர்கள் அவற்றுக்கு அதிகாரப் பத்திரம் எழுதித் தந்ததாகத் தெரியவில்லை. இங்கே மூன்று மாதத்துக்குள் அதைத் தராவிட்டால், தரும்வரை விண்ணப்பம் நகராது. அடுத்தது, கண்டுபிடித்தவர் தம் உரிமையைக் கம்பெனிக்கு விட்டுத்தந்ததற்கான சான்று. ஆறு மாத அவகாசம். கையெழுத்துக்குத் தேடும்போது அவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். அகத்திணை இதைப் பிரிவு என்னும்.

எந்தப் படிவத்திலும் அடங்காதவற்றுக்கென்று படிவம் 30 இருக்கிறது. சூத்திரங்களில் விடுபட்டதையெல்லாம் கடைசியில் ஒரு புறனடையில் அடக்கிவிடும் நன்னூலார் கண்டால் மகிழ்வார்.

தாளின் உடலிலக்கணத்தை 2003ஆம் ஆண்டு காப்புரிமை விதிகளின் 9ஆம் விதி கூறுகிறது. தாள் வளையவேண்டும், வலுவாக இருக்கவேண்டும், வெள்ளையாக, வழவழப்பாக இருக்கவேண்டும். ஆனால் பளபளக்கக் கூடாது. (வழவழப்புக்கும் பளபளப்புக்கும் இடையே உள்ள எல்லையை எந்த ஜெராக்ஸ் கடைக்காரரும் இதுவரை வரையறுத்ததில்லை.) எழுத்தின் உயரம் 0.28 செ.மீ.க்குக் குறையலாகாது. மேற்புறமும் இடப்புறமும் 4 செ.மீ., கீழ்ப்புறமும் வலப்புறமும் 3 செ.மீ. வெற்றிடம் விடவேண்டும். இடப்பக்கத்து 4 செ.மீ. எதற்கு? துளைபோட்டு டேக் நூல் கோப்பதற்கு என்பதே நம் துணிபு. இன்றோ ஏஜென்ட்டுகள் ஆன்லைனில் மட்டுமே தாக்கல் செய்யவேண்டும். பிடிஎஃப்பில் துளை போட முடியாது. ஆயினும் அந்த 4 செ.மீ. அப்படியே இருக்கிறது, போன பல்லின் இடத்தை நாக்கு காத்துவருவதுபோல.

காலம் பற்றிச் சிறிது. தற்காலிக விவரக்குறிப்போடு தொடங்கியவர் 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைத் தரவேண்டும். தவறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டவராவார். ஆய்வு கோரும் படிவம் 18க்கு முன்பு 48 மாதம் இருந்தது, 2024 மார்ச் திருத்தத்தால் 31 ஆனது. தானாக யாரும் ஆய்வு செய்யமாட்டார்கள் என்பதை அறியாமல், பதில் வரும் என்று காத்திருந்தே விண்ணப்பத்தை இழக்கும் பொறுமைசாலிகளுக்கு இனி 17 மாதக் காத்திருப்பு மிச்சம்.

ஆய்வறிக்கை வந்தால் பதில் சொல்ல ஆறு மாதம். அது முடிவதற்குள் படிவம் 4 போட்டால் இன்னும் மூன்று மாதம் கிடைக்கும். வால்தாள்களில் தூய்மையானது இதுவே என்பது நம் முடிபு. கண்டுபிடிப்பைப் பற்றி இதில் ஒரு சொல்கூட வேண்டியதில்லை. இன்னொரு தாள் வரத் தாமதமாகும் என்பதைத் தாமதமின்றித் தெரிவித்தால் போதும். கட்டணம் தனி.