தொட்டி சார்

சென்னைப் புறநகரில் எந்த நகரை எடுத்துக்கொண்டாலும் அதற்கு ஒரு விரிவாக்கம் இருக்கும். விரிவாக்கத்தில் ஒரு குறுக்குத் தெரு இருக்கும். அந்தத் தெருவில் ஒரு தொட்டி சார் இருப்பார். ஓய்வுபெற்றவர். பேங்க்கா, மின்வாரியமா என்பது முக்கியமில்லை. கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவே சிமெண்டில் ஒரு மீன் குளம் கட்டி வைத்திருப்பார். அதில் கோய், கோல்டு ஃபிஷ், கப்பி, மூலையில் சாடி சாடியாக அல்லி. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு என்பது தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

குளம் நன்றாக இருக்கும் காலத்தில் அவரைப் பார்த்து எடை போட்டுவிடக் கூடாது. காலையில் ஒரு பிடி தீனி, சாயங்காலம் ஒரு பிடி, நடுவில் பேப்பர், தூக்கம், முழங்கால் வலி. அவ்வளவுதான் மனுஷர். அவருடைய விசுவரூபத்தைக் காண வேண்டுமானால் குளம் கசிய வேண்டும்.

முதல் அறிகுறி, தண்ணீர் மட்டம் நாலு விரற்கடை இறங்குவது. "வெயில் காலம், வத்தாதா?" என்று வீட்டு அம்மாள் சொல்வார். சார் விடமாட்டார். ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பிக் குளத்துப் படியிலேயே பாதி அமிழ்ந்தாற்போல் வைப்பார். வாளியிலும் ஒரு கோடு, குளத்துச் சுவரிலும் ஒரு கோடு. இரண்டுக்கும் ஒரே வெயில், ஒரே காற்று. மறுநாள் இரண்டும் சமமாக இறங்கியிருந்தால் வற்றல். குளம் மட்டும் அதிகமாக இறங்கியிருந்தால் கசிவு. மறுநாள் விடிவதற்குள் டார்ச்சும் ஸ்கேலுமாகப் போய்ப் பார்த்துவிட்டு, "கசிவுதான்!" என்று கூவுவார். பேரன் பாஸான செய்திக்குக் கூட அந்தக் குரல் எழும்பியதில்லை.

பிறகு தண்ணீரைத் தானாக இறங்க விட்டுக் காத்திருப்பார். எந்த மட்டத்தில் இறங்குவது நிற்கிறதோ, அந்த மட்டத்தில்தான் ஓட்டை. பத்தில் எட்டுத் தடவை அது குழாய் சுவருக்குள் நுழையும் இடமாகத்தான் இருக்கும். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் வேலை சார். மீனை எல்லாம் ஒரு டிரம்ல போட்டு வைங்க" என்பார்.

"டிரம்ல போட்டா? ஊறுகாயா மேஸ்திரி அது?"

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். இதே வீட்டில் பாத்ரூமுக்கு டைல்ஸ் மாற்றியபோது குடும்பத்துக்கு சார் செய்த மாற்று ஏற்பாடு ஒரே வாக்கியம்: "பக்கத்து வீட்ல சொல்லி வெச்சிருக்கேன்." மாமியார் உட்பட எல்லோரும் டவலும் சோப்புப் பெட்டியுமாகத் தெருவில் போய் வந்தார்கள். அதே மனிதர் மீன்களின் மாற்று இடத்துக்குக் கிராஃப் பேப்பர் வாங்கி வரச் சொல்வார்.

திட்டம் இப்படிப் போகும். கார் ஷெட்டைக் காலி செய்து, காரைத் தெருவில் வேப்ப மரத்தடியில் காக்கைகளின் பொறுப்பில் விடுவது. ஷெட்டுத் தரையில் மணல், அதன்மேல் பழைய சாக்கு, சுற்றிலும் ஹாலோ பிளாக் அடுக்கி, உள்ளே சில்பாலின் ஷீட் விரிப்பது. அசோலா வளர்க்கிற விவசாயிகள் விரிப்பார்களே, அதே ஷீட். ஆறடிக்கு நாலடி, இரண்டடி ஆழம். "நாற்பத்தெட்டு கன அடி. கன அடிக்கு 28 லிட்டர். ஆயிரத்து முந்நூத்திச் சொச்சம் லிட்டர்" என்று வாய்விட்டுக் கணக்குப் போட்டு, "அதாவது ஒண்ணேகால் டன்னுக்கு மேல!" என்று நமக்காக ஒரு தடவை பயந்தும் காட்டுவார். மொட்டை மாடி என்ற யோசனை அத்துடன் கைவிடப்படும். இரண்டாவது மாடியில் ஏசி வைக்கலாமா என்று மகன் கேட்டபோது இவ்வளவு யோசித்தவரில்லை.

அடுத்து ஒதுக்கீடு. வீட்டு வசதி வாரியத்தில் இவருக்கு ஒரு நாற்காலி கொடுத்திருந்தால் ஒரு வழக்குக் கோர்ட்டுக்குப் போயிருக்காது. கோய்க்கும் கோல்டு ஃபிஷ்ஷுக்கும் பெரிய தொட்டி. கப்பிகளுக்கு நீல டிரம். குளத்தில் அல்லி இலைக்கடியில் ஒளிந்து பிழைத்தவை, ஒளிய இடமில்லாத தொட்டியில் கோய்க்கு மாலை டிபனாகிவிடும். இடம் மாறிய மீனுக்கு ஆசுவாசமாக இருக்கட்டும் என்று லிட்டருக்கு மூன்று கிராம் கல் உப்பு. ஆகவே சமையலறை ஜாடியிலிருந்து நாலு கிலோ மாயம். உப்பு செடிக்கு ஆகாது. ஆகவே செடிகள் தனிக் குடித்தனம். மீனுக்கு நிழல் வேண்டும், அல்லிக்கு வெயில் வேண்டும். ஆகவே அல்லிச் சாடிகள் மொட்டை மாடிக்கு, கல்யாண அண்டாவிலும் பேரனைக் குளிப்பாட்டிய பிளாஸ்டிக் டப்பிலும். அண்டாத் தண்ணீரில் மீன் இல்லையென்றால் கொசு முட்டையிடும். ஆகவே அண்டாவுக்கு இரண்டு கப்பி, டப்புக்கு இரண்டு கப்பி, காவல் டியூட்டி. இந்த 'ஆகவே'க்கு முடிவே கிடையாது. கடைசி ஆகவே, மனைவி அண்டாவைக் கேட்கும்போது வரும்: "ஆகவே, இந்த வருஷம் வடகம் போட வேண்டாம்."

சாமான் வாங்கக் கொளத்தூர் போவார். வண்ண மீன் வியாபாரத்துக்குத் தமிழ்நாட்டில் அதுதான் தலைமைச் செயலகம். தெருத் தெருவாகத் தொட்டிகள், பாலிதீன் பைகளில் ஆக்ஸிஜன் அடைத்துத் தொங்கும் மீன்கள். "ஏர் பம்ப் மட்டும்தான்" என்று சொல்லிவிட்டுப் போனவர், ஏர் பம்ப், ஸ்பாஞ்சு ஃபில்டர், லாரித் தண்ணீரின் குளோரினை முறிக்க ஹைப்போ, கூடவே ஒரு பையில் ஆறு புது மீன்களோடு திரும்புவார். இருக்கிற குடிகளுக்கே இடமில்லாமல் வீடு தேடப் போன இடத்தில் புதுக் குடிகளைக் கூட்டி வருவது ஏன் என்று கேட்டால், "விலை சல்லிசா இருந்துது" என்பார்.

குடிபெயர்ப்பு நாள் வரும். முந்தின நாளே மீன்களுக்குச் சாப்பாடு கிடையாது. பயணத்தில் வயிறு காலியாக இருந்தால்தான் தண்ணீர் கெடாது. குளத்துத் தண்ணீரில் பாதியைத் தொட்டிக்கு மாற்றி, மீதியைத் தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சியாகிவிட்டது. பெரிய கோயை வலையில் அள்ளக் கூடாது, செதில் பெயரும். தண்ணீருக்குள்ளேயே பேசினுக்குள் ஓட்டி, பேசினோடு தூக்க வேண்டும். இரண்டடி நீளத்தில் ஒன்று எந்தப் பேசினிலும் அடங்காது. அதற்கு 'பெரியவர்' என்று பெயர். பெரியவருக்கு, சார் தீபாவளிக்கு எடுத்த எட்டு முழ வேட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தூளி கட்டுவார்கள். ஒரு முனை மேஸ்திரி, ஒரு முனை சார். "பாத்து... பாத்து... தலைப்பக்கம் தூக்கு... மூச்சு வாங்குது பாரு!" மூச்சு வாங்குவது சாருக்கு. காம்பவுண்டுக்கு மேலே அக்கம்பக்கத்துத் தலைகள் வரிசையாக முளைத்திருக்கும்.

வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குச் சொற்பொழிவு இலவசம். மீசை இருந்தால் கோய், இல்லாவிட்டால் கோல்டு ஃபிஷ். கோய் ஜப்பானில் நீகாத்தா மலைக் கிராமங்களில் நெல் விவசாயிகள் வளர்த்த மீன்; 1914-ல் டோக்கியோ பொருட்காட்சியில் வைத்த பிறகுதான் நாடே திரும்பிப் பார்த்தது. "விவசாயிங்க வளர்த்ததுதான் மேஸ்திரி!" என்று அவர் உணர்ச்சிவசப்படும்போது, மேஸ்திரி கலவை இறுகுகிறதே என்ற கவலையில் இருப்பார்.

குடியேற்றம் முடிந்ததும் சாரின் பொற்காலம் தொடங்கும். தொட்டிமேல் கொசுவலை, கோய் எகிறிக் குதிக்கும், பூனையும் மீன்கொத்தியும் வேறு வாய்தா வாங்கிக்கொண்டு காத்திருக்கும். இரவில் பக்கத்திலேயே கயிற்றுக் கட்டில். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் லைன் ஏர் பம்புக்கு. "அஞ்சு வாட்டுதாண்டி அது!" என்பார். "அப்ப எங்க ரூம் ஃபேனை ஏன் பிடுங்கினீங்க?" என்ற கேள்விக்குப் பதில் இராது, பிளக் பாயிண்ட் ஒன்றுதான்.

காலையில் எழுந்ததும் அமோனியா சோதனை. பல் தேய்ப்பதெல்லாம் அப்புறம். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா, பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கிறது. புதிதாகக் குடியேற ஒரு மாதம் போல ஆகும். அதனால் ஸ்பாஞ்சு காயக் கூடாது, குழாய்த் தண்ணீர் படக் கூடாது. வேலைக்கு வரும் அம்மா ஒருநாள் நல்லெண்ணத்தோடு அதைச் சோப்புப் போட்டு அலசி, வெயிலில் காயப் போட்டுவிட்டார். "கோடிக்கணக்கான உயிர்மா!" என்று சார் அலறியதில் அந்த அம்மா மிரண்டு, இரண்டு நாள் லீவு போட்டார். சாமான் கழுவியது யார் என்று நீங்கள் யூகிக்கலாம். சார் இல்லை, அவர் தினம் கால் பாகம் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி சொன்ன இரண்டு நாளில் பூச்சு முடிந்துவிடும். "தண்ணி விட்டுக்கலாம் சார்" என்பார். அங்கேதான் சார் சிரிப்பார். புதுச் சிமெண்ட் சுண்ணாம்பு கக்கும். தண்ணீரின் காரம் ஏறினால் மீனின் செவுள் வெந்துபோகும். நிரப்பு, ஊற விடு, வடி. மறுபடி நிரப்பு. வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊற வை. லிட்மஸ் போல ஒரு தாளை நனைத்து நிறம் பார், மறுபடி வடி. இதெல்லாம் உண்மைதான். மூன்று, நாலு வாரம் நியாயமாகவே ஆகும். ஆனால் ஆறாவது வாரமும் அவர் அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "லேசா ஒரு பச்சை தெரியுது பாரு" என்று சொல்லும்போதுதான் நமக்குச் சங்கதி புரியும். மனுஷருக்கு முழங்கால் வலி போயே போய்விட்டது! பேப்பர் பிரிக்கப்படாமல் கிடக்கிறது. ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு ஆபீஸ் கிடைத்திருக்கிறது: ரெஜிஸ்டர், ரவுண்ட்ஸ், நைட் டியூட்டி, குறை கேட்க மனு கொடுக்காத ஜனங்கள். குளம் என்பது கட்டி முடித்த ஃபைல். தற்காலிகத் தொட்டிதான் மேஜைமேல் இருக்கிற ஃபைல். எந்த அதிகாரி தானாக ஃபைலை மூடியிருக்கிறார்?

கடைசியில் காரின்மேல் காக்கைகள் செய்த அட்டூழியம் எல்லை மீறி, மனைவி கெடு வைத்த பிறகு, பெரியவர் மறுபடி வேட்டித் தூளியில் ஊர்வலமாகக் குளம் திரும்புவார். தொட்டி மட்டும் கலைக்கப்படாது. "கப்பி குட்டி போட்டிருக்கு, இப்ப எப்படிக் கலைக்கறது?" என்பார். ஒரு வாரம் சோர்ந்து கிடப்பார். வலி திரும்பும். பேப்பரில் வரன் விளம்பரம் வரைக்கும் படிப்பார். பிறகு நாலாவது தெருவில் யார் வீட்டிலோ தொட்டி கசிகிறது என்று சேதி வரும். சில்பாலின் ஷீட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாளியும் ஸ்கேலுமாகச் செருப்பைத் தேடுவார்.

அப்படி அவர் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு நாளில் பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள். அவர்கள் ஃப்ளாட்டில் பெயிண்டிங் வேலையாம். பத்து நாள் குழந்தைகளோடு வந்து தங்கலாமா என்று கேட்டாள்.

"வாம்மா, தாராளமா வா. ஹால்ல பாய் போட்டுப் படுத்துக்குங்க. ஃபேன் பாயிண்ட்தான் ஒண்ணு கொறைச்சல். மனுஷங்கதானே, பழகிக்குவீங்க" என்று சொல்லிவிட்டு, சார் போனை மனைவியிடம் நீட்டிவிட்டுத் தெருவில் இறங்கினார்.

அந்த அம்மாள் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கேட் சாத்தும் சத்தத்துக்காகக் காத்திருந்தார். பிறகு மகளிடம் சொன்னார்: "இவர் சொல்றதைக் காதுல வாங்காதே. வரும்போது பையில ரெண்டு மீன் வாங்கிட்டு வா. மீனுக்குத் துணையா வந்திருக்கோம்னு சொல்லு, மாடி ரூமே கிடைக்கும்."