அறுபதைக் கடந்தவர்களின் கோப்பை

டொரோன்டோவில் அறுபதை நன்றாகத் தாண்டிய யாரிடமாவது ஐஸ் ஹாக்கி பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். சிறுவயதில், 1967 மே 2 இரவு, எந்த வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார் என்பதில் ஆரம்பிப்பார். காலையில் மாத்திரை போட்டாரா என்பது மறந்திருக்கும், இது மறக்காது.

அன்றுதான் டொரோன்டோவின் மேப்பிள் லீஃப்ஸ் அணி, மான்ட்ரியலை இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் 3-1 என்று வீழ்த்தி ஸ்டான்லி கோப்பையை வென்றது. அப்போது லீகில் இருந்ததே ஆறு அணிகள்தான். பேரப்பிள்ளைகளிடம் இந்தத் தகவல் மட்டும் எப்படியோ விட்டுப்போகும்.

வென்றவர்களும் இளங்காளைகள் அல்ல. கோல்கீப்பர்களில் ஒருவரான ஜானி பவருக்கு வயது 42, தடுப்பாட்டக்காரர் ஆலன் ஸ்டான்லிக்கு 41. கடைசி நிமிடத்தில் லீஃப்ஸுக்கு 2-1 முன்னிலை; மான்ட்ரியல் தன் கோல்கீப்பரையே வெளியே அழைத்துவிட்டு ஆறாவது ஆளாக இன்னொருவரை இறக்கியது. லீஃப்ஸ் பயிற்சியாளர் பஞ்ச் இம்லாக்கோ தேடிப்பிடித்துப் பெரிசுகளாக அனுப்பினார். ஸ்டான்லி மல்லுக்கட்டி விடுவித்த ரப்பர் வட்டு சக ஆட்டக்காரர்கள் கெல்லி, புல்ஃபோர்ட் என்று கைமாற, கேப்டன் ஜார்ஜ் ஆர்ம்ஸ்ட்ராங் அதைக் காலி வலைக்குள் தள்ளினார். பாக்கி 47 நொடி.

1980களில் இலங்கையிலிருந்து டொரோன்டோவுக்கு வந்து குடியேறிய தமிழர்களுக்குக் குடியுரிமையோடு அடுத்த கோப்பைக்கான காத்திருப்பும் இலவச இணைப்பாகக் கிடைத்தது.

அந்த மே மாதத்துக்குப் பிறகு லீஃப்ஸ் கோப்பையைத் தொட்டதில்லை; இறுதிச் சுற்றுக்குக்கூட வந்ததில்லை.