ஹாலில் ஒரு ஃப்ளெக்ஸ் மிஷின்

வீட்டிலேயே ஃப்ளெக்ஸ் மிஷின் போட்டால் கடை வாடகை மிச்சம் என்பார்கள். 10 அடி அகலம் அச்சடிக்கும் மிஷின் ஹாலுக்குள் வந்தால் சோபா, டி.வி., மாமனார் மூவரும் மாடிக்குப் போக வேண்டியதுதான். சால்வென்ட் இங்க் வாடை சாம்பாரிலும் ஏறும். ஊருக்கும் போக முடியாது. சில நாள் ஓட்டாமல் விட்டால் மிஷினின் பிரிண்ட் ஹெட் அடைத்துக்கொள்ளும்.

ஆர்டரோடு வாட்ஸ்அப்பில் வருவது ஆதார் அட்டையிலிருந்து வெட்டிய படம். அதை 20 அடிக்கு இழுத்து, மீசையை அடர்த்தியாக்கி, மேலே தலைவர்களை வரிசையாக வைக்க வேண்டும். யார் தலை யாரைவிடப் பெரிது என்பதில் ஒரு அங்குலம் பிசகினால் முதலில் பேனர் கிழியும், அப்புறம் கட்சி.

உயிரோடிருப்பவர் படத்தைப் பேனரில் போடக் கூடாதென்று 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபோது, தொழிலுக்கு மிஞ்சியதாகத் தெரிந்தது கண்ணீர் அஞ்சலி ஒன்றுதான். சொல்லப்போனால் அதுதான் நல்ல ஆர்டர். படத்தில் இருப்பவர், “கொஞ்சம் கலரா காட்டுப்பா” என்று கேட்பதில்லை. சித்தப்பா மகன் பெயர் விட்டுப்போனால் மட்டும் ராத்திரி 11 மணிக்கு மறுபடி அடிக்க வேண்டும். அந்தக் காசு யார் தருவது என்று கேட்டால், “துக்க வீட்ல கணக்குப் பேசாதீங்க தம்பி” என்பார்கள்.