அம்பாரத்தைப் பாக்காத, தூத்திப் பாரு

டேய் பேராண்டிகளா, அந்த டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைங்கடா. ஒருத்தன் தலையில யாங்கீஸ் தொப்பி, இன்னொருத்தன் தலையில டாட்ஜர்ஸ் தொப்பி. நடுவுல மாட்டிக்கிட்டுக் கிழியிறது உங்கப்பன் வாங்கிப்போட்ட சோபா. யாங்கீஸோட ஆரோன் ஜட்ஜ் பெரிய அடிக்காரனா, டாட்ஜர்ஸோட ஷோஹெய் ஒட்டானியா? நான் இந்த நியூஜெர்சிக்கு வந்து மூணு மாசமா இதே பஞ்சாயத்துதான். கெழவனுக்கு இங்கிலீசு வராதுன்னு தைரியமாப் பேசிட்டீங்க. எண்ணிக்கை எல்லாப் பாஷையிலயும் ஒண்ணுதானே! ஆறு ஏக்கர் வெள்ளாமை பாத்தவன்டா நான். களத்துல கெடக்குற நெல்லுக்குக் கணக்குப் போட்டவனுக்கு உங்க பேஸ்பால் கணக்கு வராமலா போகும்?

2024-ஐ எடுத்துக்கிருவோம். ஜட்ஜ் 58 ஹோம் ரன், ஒட்டானி 54. நாலு கூடுதல், முடிஞ்சது கதைன்னு பெரியவன் குதிக்கிறான். அம்பாரத்தோட உசரத்தைப் பாத்துக் குதிக்கிறவன், தூத்தும்போது மூக்கு நிறையப் பதரைத்தான் வாங்குவான்.

சந்தேகமா? 1982-ல நியூயார்க் மெட்ஸ்ல டேவ் கிங்மேன்னு ஒரு மகராசன் இருந்தான். 37 ஹோம் ரன், நேஷனல் லீக்லயே அவன்தான் முதல். ஆனா அவன் பேட்டிங் சராசரி 0.204. அதே வருஷம் பந்து வீச்சுக்கான சை யங் விருதை வாங்கின ஸ்டீவ் கார்ல்டனோட பேட்டிங் சராசரி 0.218! கல்யாண வீட்டுல சமையல்காரனைவிட மேளக்காரன் நல்லா ரசம் வெச்ச மாதிரிதான்.

இப்ப காதைக் குடுங்க. ஒரு ஆட்டத்துல ஒரு அணிக்கு 27 அவுட்டு. விதைநெல்லு மாதிரி, அது தீந்துட்டா ஆட்டமும் தீந்துச்சு. அதனால எத்தனை அடிச்சான்னு கேக்குறதுக்கு முன்னால, எத்தனை வீணாக்குனான்னு கேளு. பேட்டிங் சராசரி இதைச் சொல்லாது. பந்து நாலு தடவை தப்பா வந்தா மட்டையைப் போட்டுட்டு முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். அந்த நடையைச் சராசரிக்காரன் கணக்குலயே சேக்கமாட்டான். சும்மா நின்னதுக்குக் கூலியான்னு சின்னவன் கேக்குறான். சும்மா நிக்கிறது லேசுன்னா, நீ அஞ்சு நிமிசம் நில்லு பாப்போம்.

ஜட்ஜ் அந்த வருஷம் 133 தடவை நடந்தான். ஒட்டானி 81. அடியும் நடையும் சேத்து பேஸைத் தொட்ட விகிதம் ஜட்ஜுக்கு 0.458, ஒட்டானிக்கு 0.390. நூறு தடவை மட்டை பிடிச்சா ஏழு அவுட்டு வித்தியாசம். ஒரு வருஷத்துல எழுநூறு தடவை பிடிக்கிறாங்க. அப்ப நாப்பத்தெட்டு அவுட்டு மிச்சம். ஒன்றே முக்கால் ஆட்டத்துக்கான அவுட்டை அந்த நெட்டையன் மிச்சம் புடிச்சுக் குடுத்திருக்கான். ஹோம் ரன்ல இருந்த வித்தியாசம் வெறும் நாலு. எது பெருசு?

நடையோட மதிப்பு தெரியணும்னா 1998 மே 28-க்குப் போங்க. சான் பிரான்சிஸ்கோவுல ஒம்பதாவது இன்னிங்ஸ். அரிசோனா 8, ஜயன்ட்ஸ் 6. ரெண்டு அவுட்டு போயாச்சு, மூணு பேஸ்லயும் ஆளு நிக்குது, மட்டையோட வர்றான் பேரி பாண்ட்ஸ். அரிசோனா மேனேஜர் பக் ஷோவால்டர் என்ன சொன்னாரு தெரியுமா? வேணும்னே நாலு பந்தை வெளியே போட்டு அவனை நடக்கவிடச் சொன்னாரு! ஒரு ரன்னைத் தாம்பாளத்துல வெச்சுக் குடுத்தாரு. 8-7 ஆச்சு. அடுத்து வந்த பிரென்ட் மேய்ன் அவுட்டானான், அரிசோனா ஜெயிச்சிருச்சு. அந்த நடையில பாண்ட்ஸ் பந்தைத் தொடவே இல்லை. ஆனா அவனோட மதிப்பு என்னன்னு எதிராளியே விலை போட்டுச் சொல்லிட்டான். 2004-ல அதே பாண்ட்ஸ் 232 தடவை நடந்தான், அதுல 120 வேணும்னே நடக்கவிட்டது. ஊக்கமருந்துப் புகார் அவன் பேரோட ஒட்டிக்கிட்டதால புகழரங்கத்துக் கதவு தெறக்கலை, அது வேற பஞ்சாயத்து.

சரி, அடியோட கனம்? ஜட்ஜோட ஸ்லக்கிங் 0.701, ஒட்டானிக்கு 0.646. அதுல ஒத்தை அடிக்கு ஒண்ணு, ஹோம் ரன்னுக்கு நாலுன்னு போடுவாங்க. கந்துவட்டிக்காரன் கணக்குடா அது. ரன்னா மாத்திப் பாத்தவங்க, ஹோம் ரன் ஒத்தை அடியைப்போல ரெண்டு மூணு மடங்குதான்னு சொல்றாங்க.

ஆர்பிஐ-ன்னு, அதாவது அடிச்சுக் கொண்டுவந்த ரன்னுன்னு, இன்னொண்ணை நீட்டுவீங்க. ஜட்ஜ் 144, ஒட்டானி 130. அடேய், முன்னால ஆளு நின்னாத்தானே கொண்டுவர முடியும்? ஜட்ஜுக்கு முன்னால ஹுவான் சோட்டோ ஆடுனான், பேஸைத் தொட்ட விகிதம் 0.419. ஒட்டானியோ பாதி வருஷத்துக்கு மேல முதல் ஆளா எறங்குனவன். தண்ணி பாய்ச்சினவன் ஒருத்தன், அறுத்தவன் ஒருத்தன். அறுத்தவனுக்கே முழு வெளைச்சலையும் எழுதிக் குடுக்கலாமா?

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பேஸ்பால்ல நெசமாவே கூடம் கோணல்தான்டா! பாஸ்டன்ல இடப்பக்கம் 37 அடிச் சுவரு. டென்வர் 5,280 அடி உசரம், காத்து லேசு, பந்து பறக்கும். யாங்கீஸ் மைதானத்துல வலது மூலை 314 அடிதான், இடதுகைக்காரனுக்கு அது வீட்டுக் கொல்லை. ஜட்ஜ் வலதுகைக்காரன், அவன் இழுத்து அடிச்சா அந்தக் கொல்லைப் பக்கம் போகாது. இந்தக் கோணலையெல்லாம் சரிக்கட்டி, சராசரி ஆட்டக்காரனை 100-ன்னு வெச்சு அளக்குற அளவு இருக்கு. அதுல 2024 ஜட்ஜ் 200-ஐத் தாண்டிட்டான். ஒட்டானி தாண்டலை.

அதனால தீர்ப்பு இதுதான்: மட்டையை மட்டும் வெச்சு நிறுத்தா, ஜட்ஜ்தான் கனம். காலையும் சேத்தா ஒட்டானி பக்கமும் தட்டு எறங்கும், 59 பேஸ் திருடுனவனாச்சே. ரெண்டு லீக்கும் மிகச்சிறந்த ஆட்டக்காரனுக்கான எம்விபி விருதை ஆளுக்கொண்ணா குடுத்துட்டு, சண்டையை மட்டும் உங்க தலையில கட்டிருச்சு.

தொப்பியைத் தூக்கி எறியாதடா பெரியவனே, இன்னும் முடியலை. அந்த வருஷம் உலகத் தொடர்ல இவங்க ரெண்டு அணியும்தான் மோதுச்சு. அஞ்சு ஆட்டத்துல ஜட்ஜ் 18-க்கு 4. ஒட்டானி தோள்பட்டை பிசகி 19-க்கு 2. அஞ்சு நாள் மழையை வெச்சு வருஷத்து மழையைச் சொல்லாதீங்க, என் தீர்ப்பு மாறாது. ஆனா டாட்ஜர்ஸ் ஜெயிச்ச அந்தத் தொடர்ல எம்விபி விருதை வாங்குனது, சீசன் முழுக்க 22 ஹோம் ரன் மட்டும் அடிச்ச ஃப்ரெடி ஃப்ரீமேன்.