பனிமலைப் பார்களில் ரக்பி பார்த்தல்: ஒரு திணை ஆய்வு

நிலத்தை ஐந்தாகப் பகுத்த முன்னோர் பனி மூடிய மலைக்குத் திணை வகுக்காமல் போய்விட்டார்கள். குறிஞ்சியிலேயே சேர்த்துவிடலாம் என்பார் ஒரு சாரார். அது பொருந்தாது. குறிஞ்சிக்குத் தேனும் தினையும் வேண்டும். பிப்ரவரி மாதத்து வால் டிசேரில், கடல்மட்டத்துக்கு 1,850 மீட்டர் மேலே, கண்ணுக்கெட்டிய தூரம் கிடைப்பது உருளைக்கிழங்கு வறுவல்தான். ஆகவே பிரெஞ்சு ஆல்ப்ஸின் பனிச்சறுக்கு ஊர்களுக்கு முதல், கரு, உரி மூன்றையும் புதிதாக வரையறுக்கும் பொறுப்பை, யாரும் கேட்காமலே, இக்கட்டுரை ஏற்கிறது.

முதற்பொருளில் நிலம் என்பது பார். பெரிய திரையும் வழுக்கும் தரையும் உடையது. பெரும்பொழுது, தை இறுதி தொடங்கிப் பங்குனித் தொடக்கம் வரை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து, பிரான்ஸ், இத்தாலி ஆறும் மோதும் சிக்ஸ் நேஷன்ஸ் ரக்பிப் போட்டி நடப்பது அப்போதுதான். பிரிட்டிஷ் பள்ளிகளுக்குப் பிப்ரவரி நடுவில் லீவு. பிரெஞ்சுப் பள்ளிகளுக்கோ நாட்டை மூன்று மண்டலமாக்கி, முன்னும் பின்னுமாக இரண்டிரண்டு வாரம் லீவு. இரு தரப்பும் ஒரே மலையில் குவிகின்றன. மெரிபெல் என்ற ஊர் 1938-இல் எழுந்ததே பீட்டர் லிண்ட்சே என்ற பிரிட்டிஷ்காரர் முயற்சியால் என்பதால், அங்கே விருந்தாளி யார், வீட்டுக்காரர் யார் என்ற வழக்கு 80 நிமிட ஆட்டத்துக்குள் தீர்வதில்லை.

சிறுபொழுதுதான் இவ்வாய்வின் உயிர்நிலை. சனிக்கிழமை ஆட்டங்கள் பெரும்பாலும் லண்டன் கடிகாரப்படி ஏறத்தாழ 2:15-க்கும் 4:45-க்கும் தொடங்கும். ஆல்ப்ஸில் ஒரு மணி கூட்டி 3:15, 5:45. லிஃப்டுகள் நிற்பது நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவே. கொழுத்த பணம் கொடுத்து லிஃப்ட் பாஸ் வாங்கியவர், வெயில் அடிக்கும் சரிவை விட்டுவிட்டு இருட்டறையில் டிவி பார்ப்பது அடுக்குமா என்று கேட்பவர் உண்டு. அவர் சனிக்கிழமையின் இலக்கணம் அறியாதவர். அங்கே தங்குமிடங்களைச் சனிக்குச் சனி வாரக் கணக்கில் விடுவதே வழக்கம்; ஆறு நாள் பாஸ் ஞாயிறு தொடங்கி வெள்ளியோடு முடிகிறது. சனி என்பது பாஸ் இல்லாத நாள். ஊர் திரும்புகிறவர் காலை பத்துக்கே அறையைக் காலி செய்துவிட்டு, மாலை பஸ்ஸுக்குப் பெட்டி படுக்கையோடு நிற்கிறார்; பாரை விட்டால் அவருக்குப் போக்கிடம் ஏது? வருகிறவரோ மூட்டியே ஊரைத் தாண்டி மலையேறும் சாலையில் நகராத கார் வரிசையில் உட்கார்ந்து, செல்போனில் ஸ்கோர் பார்க்கிறார். ஆகவே ரக்பியால் சறுக்கல் கெடுகிறது என்ற வாதம் சனிக்கிழமையைப் பொறுத்தவரை தள்ளுபடி. (ஞாயிறு வம்பு பிடித்தது, கடைசியில் வைத்துக்கொள்வோம்.)

கருப்பொருளில் தெய்வம், உணவு முதலியவை வெளிப்படை. பறை மட்டும் விளக்கம் வேண்டுவது. இத்திணைக்குரிய பறை ஸ்கீ பூட்ஸ். கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்தது, கணுக்கால் அசையாது, மரத்தரையில் நூறு ஜோடி ஒன்றாக இறங்கினால் மேசையில் இருக்கும் கிளாஸ்கள் இடம் மாறும். தேசிய கீதத்தின்போது மேல் கொக்கியைக் கழற்றுவார்கள். இடைவேளைக்குள் நான்கும் திறந்துவிடும். அதற்குப் பிறகு பீர் வாங்கப் போகிறவர் நடையில் ஒரு தள்ளாட்டம் தெரியும். காரணம் பூட்ஸா பீரா என்று பிரித்தறியும் கருவி இல்லை. கொக்கி போட்டிருக்கும்வரை அந்தப் பூட்ஸில் நிமிர்ந்து நிற்க முடியாது என்பது இன்னொரு நுட்பம். முழங்கால் முன்னே மடங்கி, எதிரே இருப்பவரை முட்டப் போவதுபோல்தான் நிற்க வரும். முட்டித் தள்ளும் ஸ்க்ரம்முக்கு இறங்கும் ஆட்டக்காரரின் நிலையும் ஏறக்குறைய இதுவே. பார்ப்போரும் ஆடுவோரும் ஒரே மெய்ப்பாட்டில் நிற்கும் விளையாட்டு வேறு எது?

இனி இயற்பியல். மின்னலுக்குப் பின்தான் இடி என்று படித்திருக்கிறோம். பனிமலைப் பாரில் இடி முந்தும். தாமதத்தில் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் வருவது ஒரு கணக்கு. டிஷ் வழியே இழுக்கும் பிரிட்டிஷ் ஒளிபரப்பு வேறு கணக்கு. இணையம் வழியே வருவது எல்லாவற்றுக்கும் கடைசி. திரையில் பந்து இன்னும் கோட்டுக்குப் பத்து மீட்டர் தள்ளி இருக்க, பக்கத்து பாரிலிருந்து கூச்சல் வந்து சேர்கிறது. பிறகு பார்ப்பதெல்லாம் ஏற்கெனவே நடந்துவிட்ட விதியை. 2025 பிப்ரவரி 8 அன்று இங்கிலாந்து பிரான்சை 26-25 என்று வென்றது. கடைசி நிமிடங்களில் எலியட் டேலி கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்து எடுத்த ட்ரையும் அதைத் தொடர்ந்த உதையும்தான் ஆட்டத்தைத் திருப்பின. அப்படிப்பட்ட மாலையில் பிந்திய திரைக்கு முன் உட்கார்வதைவிடத் தோற்ற அணியின் ஆதரவாளராக இருப்பது மேல்.

இத்திணையின் தொல்பொருளில் இந்தியர்க்கும் பங்குண்டு. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் ஆடிவரும் கல்கத்தா கோப்பை, கல்கத்தாவில் கலைந்துபோன ஒரு ரக்பிக் கிளப்பின் வெள்ளி ரூபாய்களை உருக்கி வார்த்தது. கைப்பிடி மூன்றும் நாகப்பாம்பு, மூடியில் யானை. 2025-இல் அதை ஸ்காட்லாந்து 16-15 என்று ஒரு புள்ளியில் இழந்தது. கடைசி உதை விலகிப் போனது. நம் ரூபாய்க்காக மெரிபெல்லில் ஸ்காட்லாந்துக்காரர்கள் கண் கலங்குகிறார்கள் என்பதை வரலாற்றாசிரியர்கள் இன்னும் கவனிக்கவில்லை.

உரிப்பொருள் ஊடல். இதற்குச் சான்று ஞாயிற்றுக்கிழமை. பாஸ் செல்லத் தொடங்கும் முதல் நாள். ஆட்டம் மலைநேரம் நான்கு வாக்கில். முடிய ஏறத்தாழ ஆறு. அதற்குள் லிஃப்ட் நின்று, காவலர்கள் சரிவுகளில் ஆளில்லை என்று பார்த்துக்கொண்டே இறங்கி, பனியைச் சமன்செய்யும் வண்டிகள் இரும்புக் கம்பியைக் கட்டிக்கொண்டு ஏறத் தொடங்கியிருக்கும். ஆக, மலைநடுப் பாரில் ஆட்டத்தை முடிக்க முடியாது. மூன்றரைக்கே குடும்பத்தைச் சரிவில் விட்டுவிட்டு ஊருக்கு இறங்கியாக வேண்டும். “இத்தாலி ஆட்டம்தானே, தோற்கத்தானே போகிறார்கள்?” என்று மனைவி கேட்பார். சிக்ஸ் நேஷன்ஸில் 36 தொடர் தோல்விகளுக்குப் பிறகு 2022-இல் அதே இத்தாலி கார்டிஃப் நகரில் வேல்ஸை 22-21 என்று சாய்த்ததையும், அந்தக் கடைசி ஓட்டம் ஓடிய ஆஞ்ச் கப்புவோஸோ இந்த ஆல்ப்ஸ் அடிவாரத்தில் கிரனோபிள் பக்கத்தில் பிறந்தவர் என்பதையும், ஆகவே பாருக்குப் போவது உள்ளூர் மரியாதை என்பதையும் கணவர் எடுத்துரைக்கலாம். இந்த வாதம் எந்தக் குடும்பத்திலும் எடுபட்டதாகத் தரவு இல்லை.