மக்ரூனின் சாய்வு: ஒரு முன்னாய்வுக்கான முன்னுரை

தூத்துக்குடியின் முந்திரிப் பலகாரமான மக்ரூனில் பெரியது, சின்னதன் விரிவாக்கம்தானா என்ற வினாவை அறிஞர் எவரும் இதுவரை எழுப்பவில்லை. எழுப்பத் தேவையில்லை என்பதே காரணம் என்பர் சிலர். தேவையின்மை ஆய்வுலகில் ஒரு தடையாக என்றும் கருதப்பட்டதில்லை.

முதலில் வரையறை. ஒரு புள்ளியை மையமாகப் பிடித்துக்கொண்டு, ஓர் உருவை எல்லாத் திசையிலும் ஒரே விகிதத்தில் பெருக்கினால் கிடைப்பது விரிவாக்கம். பக்கங்களின் நீளம் மாறும்; சாய்வு மாறாது. ஒவ்வொரு பக்கமும் தன் பழைய பக்கத்துக்கு இணையாகவே நிற்கும் (காண்க: பத்தாம் வகுப்பு வழிகாட்டி, ப. 112, இப்பக்கம் நமக்குக் காராச்சேவுப் பொட்டலமாகக் கிடைத்தது).

இதைத் தலைகீழாக்கி, 'சாய்வுகள் சமம், எனவே விரிவாக்கம்' என்று எழுதிப் பேனாவை மூடிவிடுவோர் உண்டு. முக்கோணம் என்றால் பிழைத்துக்கொள்வார்கள்: மூன்று பக்கமும் இணையாக இருந்தால் வடிவம் ஒத்து, விரிவாக்கமாகவே முடியும், அளவும் சமமாகிச் சும்மா நகர்த்தி வைத்ததாக இருந்தாலொழிய. நாற்கரத்தில் மாட்டிக்கொள்வார்கள். துறைமுகத்தில் அடுக்கியிருக்கும் கன்டெய்னர்களைப் பக்கவாட்டில் பாருங்கள். 20 அடிப் பெட்டிக்குக் கிடைப்பக்கச் சாய்வு 0; நிற்கும் பக்கத்துக்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை. 40 அடிப் பெட்டிக்கும் அச்சு அசலாக அதுவே. ஆனால் சாதாரண வகையில் உயரம் இரண்டுக்கும் எட்டரை அடிதான். நீளம் மட்டுமே இரட்டிப்பு. மூலைவிட்டம் போட்டால் குட்டு உடையும்: ஒன்றின் சாய்வு 0.425, மற்றதன் சாய்வு அதில் பாதி.

மூலைவிட்டம் போடாத இந்தப் பழக்கம் கணிதத்தோடு நின்றிருந்தால் நாம் எழுதப் புகுந்திருக்க மாட்டோம். பலகார வரலாற்றிலும் வாதம் இப்படித்தான் ஓடுகிறது: போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் இக்கரைக்கு வந்தனர். அவர்கள் நாட்டிலும் முட்டையும் சர்க்கரையும் கூடிய பலகாரம் உண்டு. ஆகவே மக்ரூன் அவர்கள் தந்தது. இரண்டு பக்கம் இணையாகத் தெரிந்ததும் கட்டுரை முடிந்துவிடுகிறது, மேற்கோளும் காட்டப்பட்டுவிடுகிறது. 1658இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரரிடமும், பின்னர் வந்த ஆங்கிலேயரிடமும் முட்டை இருந்திருக்காதா என்று கேட்பது அவையடக்கம் ஆகாது.

இனி மக்ரூன். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி: மூன்றே பொருள். வெள்ளைக்கருவை நுரை பொங்க அடித்து, சர்க்கரையும் முந்திரித் தூளும் சேர்த்து, காகிதக் கூம்பில் இட்டுப் பிழிந்து, மெல்லிய சூட்டில் உலரவிடுவார்கள். சின்ன மக்ரூனின் அடியகலம் 4 செ.மீ., உயரம் 3 செ.மீ. என்று கொள்வோம். வரைபடத்தாளில், அதன் அடிமையம் ஆதிப்புள்ளியில் அமருமாறு வைக்க. இடப்பக்கச் சாய்வு 3/2, வலப்பக்கம் −3/2. பெரியதற்கு அடி 6, உயரம் 4.5 என்றால் அதே சாய்வுகள். அளவுக் காரணி 1.5. எடையோ 1.5 மடங்காக நிற்காமல் 3.375 மடங்காகும், எண்ணிக்கைக் கணக்கில் விற்கத் துணியும் கடைக்காரர் இவ்வரியை இருமுறை வாசிப்பது நலம்.

இங்கேதான் கொண்டைச் சிக்கல் எழுகிறது. பிழிந்து முடித்துக் கையை எடுக்கும்போது உச்சிக் கொண்டை சற்றே ஒரு பக்கம் சாயும். அரை சென்டிமீட்டர் வலப்பக்கம் சாய்ந்தாலும் போதும்: இடச்சாய்வு 1.2, வலச்சாய்வு −2 என்றாகிவிடும். கொண்டையை உருவின் அங்கமாகக் கொள்வதா, பிழிந்தவரின் அவசரமாகக் கொள்வதா? கொண்டைவாதிகள் முன்னதை ஆதரிப்பர். அடிவாரவாதிகள் கொண்டையைக் கடித்து நீக்கிவிட்டு அளப்பர் (மேற்படி பொட்டலம், மறுபக்கம், மூன்றாம் மடிப்பு, எண்ணெய்க் கறையின் தென்மேற்கு மூலையில் 'எனவே' என்ற சொல் மட்டும் படிக்கக் கிடைக்கிறது. அது எக்கட்சிக்குச் சாதகம் என்பது தனியாய்வுக்குரியது). கடித்து அளக்கும் முறையில், ஐயம் தீருமுன் மாதிரிகள் தீர்ந்துவிடுகின்றன என்ற குறையுண்டு. அடிவாரவாதிகள் மறு அளவைக்குப் புது மாதிரி கோருவதை எவரும் கண்டித்ததாகத் தெரியவில்லை.

கொண்டையை மன்னித்தாலும் அடுக்கு மன்னிக்காது. சின்னதும் பெரியதும் பிழியப்படுவது ஒரே துளை வழியாக என்றால், பெரியதில் சுற்றுகள் பருப்பதில்லை; கூடுகின்றன. உண்மையான விரிவாக்கத்தில் சுற்றின் எண்ணிக்கை மாறாது, ஒவ்வொரு சுற்றும் 1.5 மடங்கு தடிக்க வேண்டும். வெளிக்கோட்டின் சாய்வு ஒத்து, உள்ளே கணக்கு பிசகுகிறது (ஒப்பிடுக: பக்கத்துக் கடைப் பொட்டலம், அதே வழிகாட்டியின் வேறு பதிப்பு, ப. 112இன் கீழ்ப்பாதி. மேல்பாதியை வாங்கிச் சென்றவர் பழைய பேருந்து நிலையம் பக்கம் நடந்ததாகக் கடைப்பையன் வாய்மொழி, உரையாடல் மிக்சர் நிறுக்கும்போது நிகழ்ந்தது, நிறை 200 கிராம், தாள் உட்பட).

ஊரின் பிற சரக்குகளுக்கு வருவோம். உருண்டை முத்துக்குப் பக்கமே இல்லை; அவ்வகையில் எல்லா முத்தும் எல்லா முத்துக்கும் விரிவாக்கம்; 1961க்குப் பின் முத்துக்குளிப்பும் இல்லாததால் இவ்வதிகாரம் இத்துடன் நிறைவுறும்.

உப்பு அப்படியல்ல. பாத்தியிலிருந்து வாரிக் கரையில் கொட்டும் உப்பு தன் சாய்வைத் தானே தேர்ந்துகொள்ளும். கல் மேல் கல் வழுக்காமல் நிற்கும் எல்லைக் கோணம் அது. உலர்ந்த உப்புக்கு ஏறத்தாழ 30 முதல் 40 பாகை. இன்னும் ஒரு கூடை கொட்டினால் குவியல் செங்குத்தாகாது, சரிந்து அகலும். எனவே தலைச்சுமைக் குவியலுக்கும் ஆளுயர அம்பாரத்துக்கும் சாய்வு ஒன்றே. மக்ரூனில் தோற்ற விரிவாக்கம் இங்கே வென்றுவிட்டதென்று குதிக்க வேண்டாம். குவியல் பெருத்தது, கல் பெருக்கவில்லை. முழு விரிவாக்கம் வேண்டுமென்றால் பெரிய அம்பாரத்தில் ஒவ்வொரு உப்புக்கல்லும் எலுமிச்சை அளவு இருக்க வேண்டும். ரசம் வைப்பவர்கள் இதை ஏற்கமாட்டார்கள்.

ஒரு முந்தைய ஆய்வேட்டிலிருந்து அடுத்த ஆய்வேடு உருவாகும் முறையையும் இங்கே குறிப்பிடலாம். அதில் இயல்களின் எண்ணிக்கை ஒன்றே, வாதத்தின் சாய்வு ஒன்றே, மேற்கோள்கூட அதே எழுத்துப்பிழையோடு இணையாக ஓடும். முன்னுரையில் நன்றி கூறப்படுவோர் மட்டும் மாறுவர். தூய விரிவாக்கத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று மன்னார் வளைகுடாவில் அகப்படவில்லை. அளவுக் காரணி பெரும்பாலும் 1.

சங்கு மட்டுமே ஏறக்குறைய யோக்கியமாக வளர்கிறது. அது வாய் ஓரத்தில் மட்டும் புது ஓட்டைச் சேர்த்துக்கொண்டு பெருத்தாலும், உருவம் பெரிதும் கெடுவதில்லை. குட்டிச் சங்கைப் பெரிதாக்கி, சற்றுத் திருப்பி வைத்தால் தாய்ச் சங்கின் மேல் கிட்டத்தட்டப் பொருந்தும். திருப்பியதும் சாய்வு பூராவும் மாறிவிடும் என்பது வேறு சங்கடம்: ஒப்பானது ஒப்பில்லாததாகத் தெரியும்.

மிஞ்சியிருப்பது வலம்புரி. இடம்புரிச் சங்கின் படத்தைத் தாளில் வரைந்து கண்ணாடியில் பார்த்தால் வலம்புரி. சாய்வுகளெல்லாம் குறி மாறும். காரணியை −1 ஆக்கிப் பார்த்தாலும் தாளில் பலிக்காது. படம் அரைவட்டம் சுற்றித் தலைகீழாகும், சாய்வு இம்மியும் அசையாது. ஆனால் தாளை விட்டு வெளியே வந்தால் நிலைமை வேறு. முப்பரிமாணத்தில் ஒரு புள்ளி வழியாக −1 மடங்கு விரித்தால் இடம்புரி கச்சிதமாக வலம்புரியாகிவிடும், ஒவ்வொரு கோடும் தன் பழைய கோட்டுக்கு இணையாகவே நிற்க. பள்ளித் தேர்வில் ஒரு மதிப்பெண்ணைப் பறிக்கும் அந்தக் கழித்தல் குறிக்குத்தான் சங்குச் சந்தையில் லட்சக்கணக்கில் விலை பேசுகிறார்கள். இச்செயல்முறையைச் சங்குகுளித் தொழிலாளர் ஒருவரிடம் விளக்கினோம். "சரி சார், அந்தப் புள்ளி எத்தனை பாக ஆழத்துல இருக்கு?" என்று கேட்டார். நிதி நல்கை விண்ணப்பத்தில் அவ்வினாவையே ஆய்வுச் சிக்கலாகச் சேர்த்திருக்கிறோம். படகு வாடகையும் மக்ரூன் செலவும் தனித் தலைப்பில்.