மாடு போற ஊரு

வா கண்ணு, இந்தக் கட்டில்ல உக்காரு. காரை வேப்பமரத்தடியில நிறுத்தாதே, காக்கா எச்சம் போட்டா அதுக்கு ஆவாதுன்னு போன தடவை நீதான் சொன்னே. நாலு நாள் லீவுல வந்திருக்கறேன்னு உன்ற அம்மா சொன்னா. நாலு நாளும் மூஞ்சிய இப்படியே தொங்கப் போட்டிருக்கப் போறியா, இல்ல எடையில சித்த சிரிப்பியா?

நேத்து ராத்திரி சோத்து வட்டலுக்கு முன்னால உக்காந்துட்டு, "அப்புச்சி, நான் ஒரு கோச்சுகிட்டப் போயிட்டு இருக்கறனுங்க"ன்னே. நான் ரயில் பொட்டின்னு நெனச்சு, "எந்தக் கோச்சு, ஏசியா, சாதாவா?"ன்னு கேட்டுப்போட்டேன். உன்ற பொண்டாட்டிக்கு மோரு பொரையேறிப் போச்சு. அப்பறந்தான் வெவரம் சொன்னே. வேலை மாறலாமா வேண்டாமான்னு மண்டையப் பிச்சுக்கறவிகளுக்குன்னே ஒரு ஆளாம். வாரம் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர்ல மூஞ்சியப் பாத்துப் பேசறதாம். மணிக்கு மூவாயிரமாம்.

"அவரு என்ன சொல்லறாரு?"ன்னு கேட்டேன்.

"அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாருங்க அப்புச்சி. கேள்விதான் கேப்பாரு."

அட சாமி! பதில் சொல்லறதுக்குக் காசு வாங்கறவிகளை நான் பாத்திருக்கறேன். வக்கீலு, வைத்தியரு, சோசியரு எல்லாம் அந்தச் சாதி. கேள்வி கேக்கறதுக்குக் காசு வாங்கற ஆளை இப்பத்தான் கேள்விப்படறேன். நம்மூரு டீக்கடைப் பெஞ்சுல போயி உக்காந்து, "வேலைய உட்டுப்போடலாம்னு இருக்கறேன்"னு சொல்லிப் பாரு. ஒரு டீச் செலவுல ஏழு பேரு பதில் சொல்லுவான். ஏழும் ஏழு தினுசு. நீ என்ன வேலை பாக்கறேன்னு ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான்.

இப்படி நக்கல் பண்ணிப்போட்டுப் படுத்தேன். தூக்கம் வரலை. காத்தால உன்ற பொண்டாட்டிகிட்ட, "அம்மிணி, அந்தக் கோச்சுன்னா என்னன்னு செல்லுல பாத்துச் சொல்லு"ன்னேன். அவ படிச்சுக் காட்டுனா பாரு, எனக்குத் தூக்கிவாரிப் போட்டிருச்சு. அந்தப் பேரே வண்டியில இருந்துதான் வந்துச்சாம்! ஹங்கேரின்னு ஒரு தேசம், அதுல கோச்சுன்னே ஒரு ஊரு. ஐநூறு வருஷத்துக்கு மின்னாலயே அந்த ஊருல நல்ல குதிரை வண்டி கட்டுவாங்களாம். ஊருப் பேரே வண்டிக்கும் பேராப் போச்சு. நம்ம பட்டணத்துலயும் அந்தக் காலத்துல கோச்சுவண்டின்னுதானே சொன்னாங்க! பொறவு 1830 வாக்குல ஆக்ஸ்ஃபோர்டுப் பசங்க, பரீட்சையில தன்னையக் கரை சேக்கற வாத்தியாரைக் கேலியாக் கோச்சுன்னு கூப்பிட ஆரம்பிச்சாங்களாம்.

அப்ப அவரு என்ற சாதி! நானும் இருவது வருஷம் வண்டி ஓட்டுனவன். இனி அவரை நான் நக்கல் பண்ண மாட்டேன். பண்ணுனாலும் சொந்தக்காரனைப் பண்ற மாதிரித்தான் பண்ணுவேன்.

ஈரோட்டு மஞ்ச மண்டிக்குப் பாரம் ஏத்திக்கிட்டு ராத்திரி கெளம்புவோம். வண்டிக்கடியில லாந்தர் ஆடும். சித்த நேரத்துல வண்டிக்காரன் மூட்டை மேல சாஞ்சு தூங்கிப்போடுவான். மாடு பாட்டுக்குப் போகும். விடியறப்ப மண்டி வாசல்ல நிக்கும். மாட்டுக்கு அத்தனை புத்தின்னு சனம் மெச்சும். ஆனா ஒண்ணு கண்ணு, மாடு எப்பவும் போற ஊருக்குத்தான் போகும். உனக்கு அன்னிக்கு வெள்ளகோயில் போகோணும்னாலும் அது ஈரோட்டுலதான் கொண்டுபோயி நிறுத்தும்.

நீயும் அப்படித்தான் பதிமூணு வருஷமா மூட்டை மேல தூங்கிட்டு வந்திருக்கறே. சம்பளம் வந்துச்சு, கல்யாணம் ஆச்சு, வீட்டுக்கடன் வந்துச்சு, மாடு நடந்துச்சு. ஒரு நாள் முழிச்சுப் பாத்து, "இது எந்த ஊரு?"ங்கறே. அந்தக் கோச்சு செய்யற மொத வேலை, தூங்கறவனைத் தட்டி எழுப்பி "எங்கப்பா போகோணும்?"னு கேக்கறது. அவரு ஊருப் பேரைச் சொல்லக்கூடாது, நீதான் சொல்லோணும். அவரு சொல்லிப்போட்டா, அது இன்னொருத்தன் பழக்குன மாடாப் போயிரும்.

ரெண்டாவதா ஒரு கேள்வி கேட்டாருன்னியே, அதுல மனுசன் கெட்டிக்காரரு. "வேலை புடிக்கலையா, கம்பெனி புடிக்கலையா, மேனேஜரைப் புடிக்கலையா?" நாங்க இதைக் கழுத்துப் புண்ணுன்னு சொல்லுவோம். மாடு பாரம் இழுக்க மாட்டேன்னு படுத்துக்கும். அறியாதவன் அதைச் சந்தையில தள்ளிப்போட்டு வேற மாடு வாங்குவான். அதுவும் மூணே மாசத்துல படுத்துக்கும். வெவரம் தெரிஞ்சவன் கழுத்தைத் தடவிப் பாப்பான். நுகத்தடியில சிராய் நீட்டிட்டு இருக்கும். அரை நாள் இழைச்சாச் சரியாப் போற சிராய்க்கு எத்தனை மாட்டைத்தான் மாத்துவே?

உன்ற கதையையே எடுத்துக்க. சரவணம்பட்டியில உக்காந்து மத்தவன் எழுதுன புரோகிராமுல தப்புக் கண்டுபுடிக்கற வேலை. ராத்திரி ஒம்பது மணிக்கு மேல அமெரிக்காக்காரனோட மீட்டிங்கு. அது முடிஞ்சு படுத்தாத் தூக்கம் வராது. அப்ப செல்லுல மரச்செக்கு வீடியோ பாக்கறே. வாகை மரத்துச் செக்கு, கருப்பட்டி போட்டு ஆட்டுன நல்லெண்ணெய், வேட்டி கட்டிட்டுச் சிரிக்கற மொதலாளி. "அப்புச்சி, நானும் செக்குப் போடறனுங்க"ன்னு வந்து நின்னே. எண்ணெய் விக்கறவன் சிரிக்கறதைத்தான் காட்டுவான், கடன் வசூலுக்கு அலையறதைக் காட்டுவானா?

இங்கதான் அந்தக் கோச்சு நம்மூரு ரகசியத்தைத் திருடிப்போட்டாரு. கண்ணபுரம் சந்தையில மாடு வாங்கறப்ப என்ன செய்வோம்? பல்லைப் பாப்போம், சுழியப் பாப்போம், நடையப் பாப்போம். எல்லாம் பாத்துட்டு, வண்டியில பூட்டி ஒரு சுத்து இழுக்க வெப்போம். அதுக்கப்பறந்தான் துண்டுக்குள்ள கைய உட்டு வெல பேசறது. அவரும் அதையேதான் சொன்னாரு: "வேலைய உடறதுக்கு மின்னால, நாலு சனிக்கிழமை ஒரு செக்குல போயி நின்னு வேலை செஞ்சு பாருங்க." இதைப் பத்தி எர்மினியா இபாராங்கற பேராசிரியர் அம்மா 2003ல ஒரு புஸ்தகமே போட்டிருக்காங்களாம். உக்காந்து யோசிச்சு யோசிச்சு ஆருக்கும் புதுப் பொழப்பு வெளங்காது, துளித் துளியாச் செஞ்சு பாத்தாத்தான் வெளங்கும்னு. நம்மூருல அதைப் புஸ்தகமாப் போடலை. மாட்டைப் பூட்டிப் பாத்தோம், அவ்வளவுதான்.

போனியல்ல, என்ன ஆச்சு? மொத சனிக்கிழமை கடலைக்காயில கல்லுப் பொறுக்குனே. ரெண்டாவது வாரம் எண்ணெய் தெளியறதுக்கு வெயில்ல வெச்சுக் காவல் இருந்தே. மூணாவது வாரம் புண்ணாக்கு வாங்க வந்தவன் கடன் சொன்னான், உனக்குக் கோவம் வந்துச்சு, மொதலாளிக்கு வரலை. நாலாவது வாரம் மொதலாளி பையனுக்குக் கம்ப்யூட்டர்ல கணக்குப் போடச் சொல்லிக் குடுக்க உக்காந்தே. மத்தியானச் சோத்தையே மறந்துட்டே.

அடுத்த வாரம் அவரு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. "இந்த நாலு வாரத்துல நேரம் போனதே தெரியாம இருந்தது எப்ப?" நீ வாயப் பொளந்துட்டே. செக்குல இல்ல கண்ணு, சொல்லிக் குடுக்கறதுல! ஆப்பீசுலயும் புதுசா வர்ற பசங்க உன்னையத்தான் சுத்தி நிப்பாங்களாமே, அது உனக்கே இப்பத்தான் ஞாபகம் வருது. நீ இழைக்க வேண்டியது அந்த ஒம்பது மணி மீட்டிங்குச் சிராயை. நீ தேட வேண்டியது சொல்லிக் குடுக்கற வேலைய. செக்குக்குப் போட இருந்த பணம் பேங்குலயே இருக்குது. மணிக்கு மூவாயிரம் இப்பச் சாஸ்தியாத் தெரியுதா?

ஆறு தினுசு மனுசன்னு ஒரு கணக்கு அவரு உன்னையப் போடச் சொன்னாராமே. ஜான் ஹாலண்டுன்னு ஒரு அமெரிக்காக்காரரு 1959லயே எழுதுனது. நம்ம மாரியம்மன் நோம்பிக்கு வந்து பாரு, ஆறு பேரும் நிப்பாங்க. பந்தக்கால் நடறவன் கையால செய்யறவன். மழை வருமான்னு மேகத்தைப் பாத்து ஆராய்ச்சி பண்றவன் ஒருத்தன். கோலம் போடறவ கலைக்காரி. சோறு போட்டு எல்லாரும் சாப்பிட்டாங்களான்னு பாக்கறவ சனத்துக்கு ஒதவறவ. மைக்கைப் புடுங்கிட்டு வசூலுக்கு நிக்கறவன் ஏவாரி. நோட்டுல ஒவ்வொரு ரூவாயையும் எழுதறவன் ஒழுங்குக்காரன். மைக்குக்காரன் கையில நோட்டைக் குடுத்துப்போட்டா அந்த வருஷ நோம்பிக் கணக்கு அடுத்த வருஷம் வரைக்கும் முடியாது.

இந்த வழிகாட்டற தொழிலை ஆரம்பிச்சு வெச்சவரு கதை இன்னும் வேடிக்கை. ஃபிராங்க் பார்சன்ஸ், பாஸ்டன் நகரத்துக்காரரு. இஞ்சினீயருக்குப் படிச்சாரு, பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருந்தாரு, வக்கீலுக்குப் படிச்சாரு, சட்டக் கல்லூரியில பாடம் நடத்துனாரு, மேயர் தேர்தல்ல நின்னு தோத்தாரு. இத்தனை மாடு மாத்துனவருதான் 1908ல, வேலை தேடற பசங்களுக்கு வழிகாட்ட ஒரு ஆப்பீசு தொறந்தாரு. உன்னையத் தெரிஞ்சுக்க, வேலையத் தெரிஞ்சுக்க, ரெண்டும் ஒத்துவருதான்னு நிதானமாப் பாருன்னு சொன்னாரு. அந்த வருஷமே காலமாயிட்டாரு. புஸ்தகம் 1909லதான் வந்துச்சு. இன்னொருத்தரு ரிச்சர்டு போல்ஸ், சான் பிரான்சிஸ்கோவுல பாதிரியாரு. 1968ல தேவாலயத்துல பணமில்லைன்னு வேலைய உட்டு எடுத்துப்போட்டாங்க. சாமிக்கு வேலை செஞ்சவருக்கே அந்தக் கதி! அவரு தன்னையாட்ட நின்ன பாதிரிமாருக்குன்னு 1970ல சொந்தமா அச்சடிச்ச புஸ்தகந்தான் பொறவு ஒலகம் பூரா வித்துச்சு. குழியில உழுந்தவனுக்குத்தான் குழி இருக்கற எடம் தெரியும்.

ஆனாலும் சந்தையில எல்லாருமே நல்ல தரகர் இல்ல. கோச்சுன்னு போர்டு மாட்ட நம்ம நாட்டுல லைசென்ஸ் ஒண்ணும் வேண்டாம். நாளைக்கே நான் இந்தக் கட்டில்ல மாட்டலாம். அதனால மூணு கேள்வி நீ அவரைக் கேளு. எத்தனை மணி நேரம் இந்த வேலை செஞ்சிருக்கறீங்க? இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன்னு ஒண்ணு 1995ல இருந்து இருக்குது. அது குடுக்கற கீழ்ப்படிப் பட்டத்துக்கே 100 மணி நேரம் செஞ்சிருக்கோணும், மேல்படிக்கு 2500. ரெண்டாவது, உங்களுக்குக் காசு குடுக்கறது ஆரு? ஆளு புடிச்சுக் குடுக்கறவனுக்குக் கம்பெனி காசு குடுக்கும், அவன் கம்பெனிக்குத்தான் மாடு பாப்பான். மூணாவது, வேலை கெடைக்கும்னு உறுதி குடுப்பீங்களா? குடுப்பேன்னு சொன்னா எந்திரிச்சு வந்துரு. அவரு வண்டிக்காரரு இல்ல, கிளி சோசியரு.

காசில்லாதவனுக்கும் வழி இருக்குது. பழைய வேலைவாய்ப்பு ஆப்பீசுக்கு இப்ப மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்னு பேரு. பேரு நீளம், செலவு கிடையாது.

வண்டிய உட்டு எறங்கறதுக்கு மின்னால கணக்குப் பாரு. இந்தக் கம்பெனியில நாலு வருஷம் மூணு மாசம்னே. உன்னையாட்ட நிரந்தர வேலைக்காரனுக்கு அஞ்சு வருஷம் முழுசானாத்தான் கிராஜுவிட்டி, வருஷத்துக்கு 15 நாள் சம்பளம். ஒம்பது மாசம் பல்லைக் கடிச்சுக்க. பி.எஃப்பை உருவித் தின்னுபோடாதே, பென்சனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேணும். கம்பெனி இன்சூரன்ஸ் வேலையோட போயிரும், கொழந்தைக்கும் சேத்துத் தனியா ஒண்ணு எடுத்துப்போட்டு அப்பறம் கடுதாசி எழுது.

இப்ப என்ற பாவத்தைச் சொல்லறேன். வயசுல நானும் ரெண்டு கூட்டாளிகளும் ஒரு ராத்திரி, ஒரு வண்டிக்காரன் தூங்கிட்டுப் போற வண்டிய நிறுத்தி, சத்தமில்லாம மாட்டைத் திருப்பி உட்டோம். விடியறப்ப வண்டி அவன் வாசல்லயே நின்னுச்சு. சாணித் தண்ணி தெளிக்க வந்த பொண்டாட்டியப் பாத்து, கண்ணைக் கசக்கிட்டே, "நீ எப்ப ஈரோட்டுக்கு வந்தே?"ன்னான். நாங்க மூணு நாள் சிரிச்சோம்.

2008ல அண்ணா யுனிவர்சிட்டிக்கு உன்ற கூட வந்ததும் நாந்தான். உன்ற அப்பனுக்கு மில்லுல லீவு கெடைக்கலை. கவுன்சிலிங்குன்னு பேரு. ஆலோசனை சொல்ல ஒருத்தரும் இல்ல, கம்ப்யூட்டர்ப் பொட்டியில காலி சீட்டுத்தான் ஓடிட்டு இருந்துச்சு. நீ விரலைச் சிவில் மேல வெச்சே. நான் முழங்கையால ஒரு இடி இடிச்சேன். "கம்ப்யூட்டரு கண்ணு, கம்ப்யூட்டரு." விரலு நவுந்துச்சு. அஞ்சு நிமிசம்கூட ஆகலை.

அடுத்த வாரம் அவரு கேட்டா, வண்டியத் திருப்புனது ஆருன்னு சொல்லிப்போடு, நான் கோவிச்சுக்க மாட்டேன். அந்த வண்டிக்காரன் அன்னிக்கு என்ன செஞ்சான்னு தெரியுமா? எங்க மூணு பேரு வம்சத்தையும் திட்டித் தீத்தான். மாட்டுக்குத் தண்ணி காட்டி, வைக்கோல் போட்டுப் படுக்க வெச்சான். சாயந்திரம் பூட்டிட்டு மறுபடி ஈரோட்டுக்குக் கெளம்புனான், அன்னிக்கு ராத்திரி பூரா கண்ணு மூடலை. ஒரு நாள் தாமசமாப் போனாலும் மஞ்சளை வித்துட்டுத்தான் வந்தான்.